முதலில் பேசுகிறவர்

எங்கள் லாட்ஜில் நான் கதவுக்கு வெளியே உட்காருகிறவன். கையில் ஒரு வாள் இருக்கும். கூட்டம் நடக்கும்போது வேற்றாள் யாரும் உள்ளே போய்விடாமல் பார்த்துக்கொள்வது என் பொறுப்பு. வாள் சுத்த மொக்கை, வெங்காயம் நறுக்கக்கூட ஆகாது. ஆனாலும் அதைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தால் எனக்கு ஒரு மிடுக்கு வந்துவிடும். ரயில்வேயில் அத்தனை வருஷம் குப்பை கொட்டியும் வராத மிடுக்கு.

ஃப்ரீமேசன் லாட்ஜ் என்றால் சேலத்தில் பாதிப் பேருக்குப் புரியாது. சூரமங்கலத்தில் என் வீட்டுக்கு எதிரே கடை வைத்திருப்பவர், "லாட்ஜுக்குப் போறேன்னு சம்சாரத்துகிட்டயே சொல்லிட்டுப் போறீங்களே, பெரிய ஆளுதான் நீங்க" என்று ஒவ்வொரு தடவையும் சொல்வார். எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். வந்து என்ன செய்ய, அவரிடம்தான் பால் பாக்கெட் வாங்க வேண்டியிருக்கிறது. கட்டடத்தைச் சுற்றிக் குடியிருப்பவர்கள் அதைப் பேய் பங்களா என்பார்கள். ஜன்னல்கள் எப்போதும் சாத்தியே கிடக்கும். மாசத்துக்கு ஒரு சாயங்காலம் கறுப்புக் கோட்டுக்காரர்கள் கையில் சப்பைப் பெட்டியோடு கார்களில் வந்து இறங்குவார்கள். அந்தப் பேரைக் கேட்டு நானும் ஒரு காலத்தில் சிரித்தவன்தான். இப்போது சிரிப்பதில்லை.

உள்ளே நடப்பதை நான் எழுதப்போவதில்லை. சொல்லமாட்டேன் என்று சத்தியம் செய்திருக்கிறேன், சத்தியத்தை வைத்து விளையாடுகிற துணிச்சல் எனக்குப் போய்விட்டது. ஊரறிந்ததை மட்டும் சொல்கிறேன். மூன்று படிகள் உண்டு. முதல் படியில் ஆள் சேருகிறார். இரண்டாம் படியில் கற்றுக்கொள்கிறார். மூன்றாம் படியில் செத்து எழுகிறார். பயப்பட வேண்டாம், பாவனைதான். அவரைக் கீழே கிடத்தி, இறந்தவராக வைத்து, கடைசியில் அந்த வருஷத்துத் தலைவர் கையைப் பிடித்துத் தூக்கி நிறுத்தி மார்போடு அணைத்துக்கொள்வார். இது பழைய புத்தகக் கடையிலேயே கிடைக்கிற ரகசியம்.

தலைவர் நாற்காலி ஒருவருக்கு ஒரு வருஷம்தான். அந்த வருஷம் அதில் உட்கார்ந்தவர் பள்ளிபாளையத்தில் நூல் வியாபாரம் செய்தவர். மூத்தவர் என்றே அவரைச் சொல்கிறேன். நல்ல உயரம், நிதானமான பேச்சு. எங்கள் சடங்குகள் முழுக்க இங்கிலீஷில் மனப்பாடம். மற்றவர்கள் முழுங்கி முழுங்கி ஒப்பிப்பார்கள், இவர் தறி ஓடுகிற மாதிரி ஒரே சீராகச் சொல்லிக்கொண்டு போவார். அவர் நாற்காலியில் உட்கார்ந்த கையோடு ஒரு புது ஆள் சேர மனுப் போட்டார். சேந்தமங்கலத்தில் விவசாயம், கூடவே போர் போடுகிற ரிக் வண்டி. அவர் மூத்தவருடைய கூடப்பிறந்த தம்பி.

இது தெரிந்ததும் நான் எழுந்துவிட்டேன். எங்களுக்கு ஒரு கட்டுப்பாடு உண்டு. மனஸ்தாபம் உள்ள இரண்டு பேர் சேர்ந்து உள்ளே போகக்கூடாது. வெளியிலேயே பேசித் தீர்த்துக்கொண்டுதான், நாங்கள் இடுப்பில் கட்டுகிற வெள்ளை ஏப்ரனைக் கட்ட வேண்டும். இந்த அண்ணன் தம்பி பல வருஷமாகப் பேசுவதில்லை என்பது நாமக்கல் வரைக்கும் தெரியும். "இதென்ன கூத்து? உங்க வீட்டுச் சண்டைக்கு எங்க கதவுதான் கிடைச்சுதா?" என்று மூத்தவரிடமே கேட்டேன். எனக்கு வாய் அப்படி.

அவர் கோபப்படவில்லை. "எனக்கும் அவனுக்கும் மனஸ்தாபம் ஒண்ணும் இல்லீங்க. சத்தியம்தான் இருக்குது" என்றார்.

புது ஆளைச் சேர்ப்பதற்கு நாங்கள் ஓட்டுப் போடுவோம். வெள்ளை உருண்டை என்றால் சம்மதம், கறுப்பு உருண்டை என்றால் மறுப்பு. யார் எதைப் போட்டார்கள் என்று யாருக்கும் தெரியாது. பெட்டியைத் திறந்தபோது எல்லாமே வெள்ளை. அப்படியென்றால் அண்ணனும் வெள்ளைதான் போட்டிருக்கிறார். இதை இளையவரிடம் நான் சொன்னபோது அந்த ஆள் என் கையைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் விடவே இல்லை.

புதிதாகச் சேர வருகிறவர் உள்ளே கூப்பிடும்வரை வெளியே காத்திருக்க வேண்டும், மேல் படிக்கான வேலை நடக்கும்போது கீழ்ப் படியில் இருப்பவர்களும் வெளியே வந்துவிட வேண்டும். அப்படிக் காத்திருக்கிறவர்களுக்கு என்னைத் தவிர துணை கிடையாது. ஒரு பெஞ்சு, ஒரு மின்விசிறி, நான். இளையவர் எல்லாவற்றையும் சொன்னது, சேர வந்த அன்றைக்கு அந்தப் பெஞ்சில் உட்கார்ந்துதான்.

அவர்களுக்குப் பொதுவில் ஒரு கிணறு. இவருக்கு ஒரு நாள், அவருக்கு ஒரு நாள் என்று முறை வைத்து மோட்டார் போடுவார்கள். மழை பொய்த்த ஒரு கோடையில் யார் முறையை யார் தின்றது என்று பேச்சு வளர்ந்திருக்கிறது. பெற்ற தாய்க்கு எதிரிலேயே சொல்லக்கூடாததை இரண்டு பேரும் சொல்லிக்கொண்டார்கள். நேராகக் குலதெய்வக் கோயிலுக்குப் போய் மூத்தவர் சூடத்தை ஏற்றி உள்ளங்கையால் அணைத்தாராம். "இனிமேல் நம்ம ரெண்டு பேர்ல எவன் முதல்ல வாயத் திறந்து பேசுறானோ, அவன் உசுரைக் கருப்பனார் எடுத்துக்கட்டும்." தம்பியும் அதே சூட்டின் மேல் கையை வைத்தார். நம் பக்கத்தில் கோர்ட்டுத் தீர்ப்பை மீறுவார்கள், சூடம் அணைத்ததை மீறமாட்டார்கள். கோபம் மறு மழைக்குள் போய்விட்டது. கிணற்றையும் மூத்தவர் முழுசாகத் தம்பிக்கே விட்டுக்கொடுத்துவிட்டு ஊரை மாற்றிக்கொண்டார். சத்தியம் மட்டும் போகவில்லை. அம்மாவைப் பார்க்க அண்ணன் வருவார், தம்பி கொல்லைப் பக்கம் போய்விடுவார். அண்ணன் மகள் கல்யாணத்தில் தம்பி பந்தலுக்கு வெளியே நின்று பார்த்துவிட்டு வந்தார்.

"சரி, இங்க வந்து என்ன ஆகப்போகுது?" என்று கேட்டேன்.

"அண்ணன் என்கிட்ட அந்த இங்கிலீஷ் பாடத்தை ஒப்பிச்சுத்தான ஆகணும்? நானும் பதிலுக்கு ஒப்பிச்சுத்தான ஆகணும்? மனப்பாடம் பண்ணுனதச் சொல்றது பேச்சு இல்லீங்களே" என்றார். அப்புறம் குரலைத் தாழ்த்திக்கொண்டு, "மூணாவது படியில கையைப் புடிச்சுத் தூக்குவாங்களாமே. அண்ணன் கையப் புடிக்க எனக்கு வேற வழி தெரியலைங்க" என்றார்.

ஐம்பது வயசைத் தாண்டிய மனுஷன். ரிக் வண்டி ஓட்டி ராஜஸ்தான் வரைக்கும் போய்வந்தவர். சாமியை ஏமாற்ற இப்படி ஒரு வழி கண்டுபிடித்திருக்கிறார். எனக்குச் சிரிப்பு வந்தது, சிரிக்கத்தான் முடியவில்லை.

முதல் படி முடிந்தது. சடங்குக்கு அப்புறம் எங்களுக்கு விருந்து உண்டு. அதுதான் எங்கள் ஆட்களுக்கு உயிர். பிரியாணி, கோழி வறுவல், கிளாஸைத் தூக்கி ஒருவருக்கொருவர் வாழ்த்து. வக்கீல், டாக்டர், கோழிப்பண்ணைக்காரர், ஸ்டேஷனில் டிக்கெட் கிழித்த நான், எல்லோரும் ஒரே மேசையில். அங்கே அண்ணன் தலைமாட்டிலும் தம்பி கடைசியிலும் உட்கார்ந்திருந்தார்கள். திடீரென்று மூத்தவர் எழுந்து, சடங்கில் பேசுகிற அதே குரலில், "பிரதர், ஹவ் இஸ் மதர்ஸ் ஹெல்த்?" என்றார். எல்லோரும் தம்பியைத் திரும்பிப் பார்த்தார்கள். தம்பி விறைப்பாக எழுந்து நின்று, தலைவரை நாங்கள் சடங்கில் கூப்பிடுகிற பட்டத்தோடு பதில் சொன்னார். "மதர் இஸ் ஃபைன், வொர்ஷிப்ஃபுல் சார். ஒன்லி நீ ஜாயின்ட் பெயின், சார்."

கோழிப்பண்ணைக்காரருக்குப் புரை ஏறிவிட்டது. அன்றைக்கு நாங்கள் சிரித்த சிரிப்பு இருக்கிறதே. பிறகு இளையவரைத் தனியாகப் பிடித்து, "உங்க கருப்பனாருக்கு இங்கிலீஷ் தெரியாதா?" என்று கேட்டேன். "அவரு எட்டாவதுகூடத் தாண்டலைங்க" என்றார். முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம். அந்த வருஷத்தையும் அவர்கள் இரண்டு பேரையும் நினைத்தால் இப்போதும் அந்த மேசைதான் முதலில் ஞாபகம் வருகிறது, அதுதான் வேதனையாகவும் இருக்கிறது.

இரண்டாம் படியும் முடிந்தது. மூன்றாவதற்கு நாள் குறித்தார்கள். மூத்தவருடைய வருஷம் முடிய அதிக நாள் இல்லை. அதற்குப் பிறகு வேறொருவர் நாற்காலிக்கு வந்துவிடுவார், தம்பியைத் தூக்குவது வேறொருவர் கையாகிவிடும். இளையவர் அந்த ஒரு சாயங்காலத்துக்காகவே உயிரைக் கையில் பிடித்துக்கொண்டிருந்தார்.

அன்றைக்கு நான் வழக்கம்போல வெளியே. கதவு தேக்கு, பேச்சு தெளிவாகக் கேட்காது, ஓசை மட்டும் வரும். மூத்தவர் குரல் சீராக ஓடிக்கொண்டிருந்தது. எந்த இடத்தில் என்ன வரும் என்பது எனக்குப் பழக்கம். தூக்குகிற இடம் வந்ததும் குரல் நின்றது. நிற்க வேண்டிய நேரத்தைவிட நீளமாக நின்றது. ஆள் மயங்கி விழுந்துவிட்டாரோ என்று நான் எழுந்து கதவருகே போனேன். அப்புறம் பாடம் மறுபடி தொடர்ந்தது.

கூட்டம் கலைந்ததும் இளையவர் நேராக என்னிடம் வந்தார். முகம் வெளுத்துக் கிடந்தது. பின்பக்கம் கை கழுவுகிற இடத்துக்கு என்னை இழுத்துக்கொண்டு போனார்.

"அண்ணன் பேசிட்டாருங்க" என்றார்.

"என்ன பேசினார்?"

"தூக்குறப்ப காதுகிட்ட குனிஞ்சு, 'எந்திரி சாமி'ன்னாருங்க. தமிழ்ல. சின்ன வயசுல பள்ளிக்கூடத்துக்கு எழுப்புறப்ப சொல்ற மாதிரியே சொன்னாரு."

அந்த இரண்டு வார்த்தை எங்கள் சடங்கில் கிடையாது. அதனால் இதை எழுதுவதில் என் சத்தியத்துக்குக் குறைவில்லை. "ஏதோ வாய் தவறி வந்திருக்கும், விடுங்க" என்று அதட்டினேன். அவர் அதையே பிடித்துக்கொண்டார். "ஆமாங்க, வாய் தவறினதுதான். நான் பதில் சொல்லலைங்க. நான் பதில் சொன்னாத்தான் அது பேச்சாவும். நான் வாயத் திறக்காம இருந்தா அது கணக்கில வராதுங்களே?" என்று என்னிடம் கேட்டார். நானா கருப்பனார்? எனக்கு என்ன தெரியும்?

விருந்தில் மூத்தவர் தலைமாட்டில் உட்காரவில்லை. தட்டை எடுத்துக்கொண்டு வந்து தம்பிக்குப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தார். எல்லோர் எதிரிலும், தமிழில், "சாப்பிடு சாமி, ஆறிப்போகுது" என்றார். தம்பி தலையைத் தூக்காமல் சாப்பிட்டார். "அம்மாளுக்கு முட்டி எப்படி இருக்குது?" என்றார் அண்ணன். தம்பி தண்ணீர் குடித்தார். மூத்தவர் விடவில்லை, மழை பெய்ததா என்றார், வண்டி எங்கே ஓடுகிறது என்றார், கறித்துண்டு எடுத்து அவர் தட்டில் வைத்தார். தம்பி உதட்டைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார், கண்ணில் தண்ணீர் ஓடுகிறது, வாய் மட்டும் திறக்கவில்லை. பேசாமல் இருந்தால் அண்ணன் உயிர் தப்பும் என்று அவர் கணக்கு.  கிளம்பும்போது மூத்தவர் தம்பியின் தோளில் கை வைத்து, "சரி, வாரேன் சாமி" என்றார். 

அந்த மாசம் தாண்டவில்லை. ஒரு விடிகாலையில் பள்ளிபாளையத்து வீட்டில் மூத்தவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார், அவ்வளவுதான்.

நாங்கள் எல்லோரும் போனோம். இறந்த சகோதரருக்கு வேல மரத்துக் கொத்து ஒன்றைப் போடுவது எங்கள் வழக்கம். வீட்டு ஜனங்கள், "மாலை போடாம முள்ளைக் கொண்டாந்து போடுறாங்களே" என்று முணுமுணுத்தார்கள். இளையவர் வீட்டுக்குள் வரவில்லை. பங்காளியாக முன்னால் நிற்க வேண்டியவர் எங்களோடு வெள்ளைக் கையுறை போட்டுக்கொண்டு கடைசி ஆளாக நின்றார். முறை வந்ததும் தன் கொத்தை எட்ட நின்று போட்டுவிட்டு ஆற்றுப் பக்கம் நடந்து போய்விட்டார்.

அடுத்த கூட்டத்துக்கு அவர் வந்தார். மூன்று படியும் முடித்தவர், தாராளமாக உள்ளே போகலாம். போகவில்லை. கோட்டோடு என் பெஞ்சில் உட்கார்ந்துகொண்டார். உள்ளே தலைவர் நாற்காலிக்குக் கறுப்புத் துணி போர்த்தியிருந்தது. "கதவுகிட்டப் போனாலே அண்ணன் குரல் கேக்குதுங்க. எந்திரி எந்திரின்னே சொல்லிட்டிருக்காரு" என்றார். "பைத்தியம் பிடிச்சுப் போச்சா உங்களுக்கு?" என்று நான் எரிந்து விழுந்தேன். எரிந்து விழுந்ததற்குக் காரணம் என் பயம். அதற்கு முந்தின வாரம் கணக்குப் பிள்ளை வருவார் என்று பகலில் நான் தனியாகக் கட்டடத்தைத் திறந்து உட்கார்ந்திருந்தேன். பூட்டிக்கிடந்த கூடத்துக்குள்ளிருந்து தட்டுகிற சத்தம் வந்தது. கூட்டம் தொடங்கும்போது மூத்தவர் சின்னச் சுத்தியலால் மேசையைத் தட்டுகிற அதே நிதானம். பல்லியாக இருக்கலாம், மரம் வெயிலுக்கு வெடித்திருக்கலாம். உள்ளே தட்டினால் வெளியிலிருந்து பதிலுக்குத் தட்டுவது என் வேலை, பழக்க தோஷத்தில் தட்டிவிட்டேன். தட்டின கையோடு, கணக்குப் பிள்ளைக்குக்கூடக் காத்திராமல் கட்டடத்தைப் பூட்டிக்கொண்டு சூரமங்கலம் பஸ் ஏறிவிட்டேன். 

மூன்று கூட்டம் இப்படியே போயிற்று. நாலாவதற்கு முன்னால் இளையவர் போன் செய்தார். லாட்ஜிலிருந்து விலகிக்கொள்கிறாராம். ஏப்ரனைத் திருப்பித் தர எப்போது வரட்டும் என்றார். "என்னாலதானுங்க போனாரு. நான் இங்க வராம இருந்திருந்தா அவருக்கு வாய் தவறியிருக்காது" என்றார். அதே வாரம் மூத்தவருடைய வீட்டம்மாவும் போன் செய்தார். அவருடைய லாட்ஜ் சாமான்கள் பீரோவில் கிடக்கின்றன, எப்போது கொண்டு வரட்டும் என்றார். நான் இரண்டு பேருக்கும் ஒரே நாள், ஒரே நேரம் சொன்னேன். என் வேலையா அது என்று கேட்டால், இல்லைதான். எத்தனை நாள்தான் அந்த மனுஷன் என் பெஞ்சில் உட்கார்ந்து உருகுவதைப் பார்ப்பது?

காலை பதினோரு மணி வெயில். இளையவர் முதலில் வந்து உட்கார்ந்திருந்தார். அண்ணியார் ஆட்டோவிலிருந்து அந்தச் சப்பைப் பெட்டியோடு இறங்கினார். கொழுந்தனைப் பார்த்ததும் படியிலேயே நின்றார். இளையவர் எழுந்து ஓரமாக ஒதுங்கினார். பழக்கம் அப்படி.

"எதுக்குங்க ஒதுங்குறீங்க? சத்தியந்தான் முடிஞ்சு போச்சே" என்றார் அண்ணியார்.

இளையவர் தரையைப் பார்த்துக்கொண்டே, "அண்ணன் வாய் தவறிச் சொன்னதுக்கு நான் பதிலே பேசலைங்க அண்ணி. கருப்பனார் மேல ஆணையாப் பேசலைங்க" என்றார்.

"வாய் தவறியா?" அண்ணியார் பெட்டியைப் பெஞ்சின் மேல் வைத்தார். "உங்கண்ணனுக்கு நெஞ்சுல அடைப்புங்க. மூணு எடத்துல. ஆப்பரேசன் பண்ணாலும் பாதிதான் நம்பிக்கைன்னு டாக்டர் சொல்லிட்டாரு. அதுக்கப்புறம் தெனமும் கண்ணாடி முன்னாடி நின்னு உங்க இங்கிலீஷ் பாடத்தை ஒப்பிப்பாரு. கடைசியில மட்டும் தமிழ்ல, 'எந்திரி சாமி'ம்பாரு. உங்க லாட்ஜுப் பாடத்துல தமிழ் வேற வருதான்னு நான்கூடக் கேட்டனுங்க. இது மட்டும் என் பாடம்னாரு."

இளையவர் நிமிர்ந்தார்.

"உங்கண்ணன் என்கிட்டச் சொன்னாருங்க, சூடம் அணைச்சது நானு, அவன் பாட்டுக்கு என் பின்னாடி கை வெச்சான். நான் சும்மா போயிட்டா அந்தச் சத்தியம் அவன் தலைமேலயே நிக்கும், என்னைப் பாடையில பாத்துக் கதறி ஒரு வார்த்தை சொன்னாக்கூட அவன் முதல்ல பேசினதா ஆயிரும். எப்படியும் போற உசுரு, நானே முதல்ல பேசிட்டுப் போறேன்னாரு." அண்ணியார் முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டார். "அன்னிக்கு ராத்திரி ஊட்டுக்கு வந்து கோட்டைக்கூடக் கழட்டாம உக்காந்திருந்தாருங்க. தம்பி ஏன் ஒரு வார்த்தைகூடத் திருப்பிச் சொல்லலைன்னு மட்டும் கேட்டாரு. இன்னும் கோபம் தீரலை போலன்னு நினைச்சுக்கிட்டாரு."

 இளையவர் கூடத்துக் கதவைப் பார்த்து நடந்தார். நான் தோளைப் பிடித்தேன். அவர் என் கையை எடுத்துவிட்டு, "சாவியக் குடுங்க" என்றார். கூட்டம் இல்லாத நேரத்தில் கூடத்தைத் திறக்கக்கூடாது. திறந்துவிட்டேன். செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

அண்ணியாரும் நானும் கதவருகே போனோம். அப்புறம், "எந்திரிச்சுட்டனுங்ணா" என்று கேட்டது.

அண்ணியார் என் முகத்தைப் பார்த்தார். உள்ளே குரல் தொடர்ந்தது. தேக்குக் கதவு, இருந்தும் அன்றைக்கு ஒவ்வொரு வார்த்தையும் வெளியே வந்தது. கோபமெல்லாம் இல்லீங்ணா என்றார். அம்மாளுக்கு முட்டிக்கு ஊசி போட்டிருக்குதுங்ணா. மழை பரவாயில்லீங்ணா. குச்சிக்கிழங்கு நட்டிருக்கேன். வண்டி ஒண்ணு ஆந்திராவுல ஓடுது. அன்றைக்கு விருந்தில் அண்ணன் கேட்ட ஒவ்வொன்றுக்கும் வரிசையாகப் பதில் சொல்லிக்கொண்டு வந்தார்.

ஒவ்வொரு பதிலுக்கும் அப்புறம் கொஞ்சம் நிறுத்தினார், எதிரில் இருப்பவர் பேசுவதற்கு இடம் விட்டு. அப்படி அவர் நிறுத்தின போதெல்லாம் அண்ணியார் கதவில் காதை வைத்துக்கொண்டு மூச்சுவிடாமல் நின்றார். நானும்தான்.